கப்பலேறுமுன் ஒரு கையெழுத்து



காப்பீடு என்னும் ஏற்பாடு கடலோடு பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காப்பிக் கடை நடத்தி வந்தார். கப்பல் உரிமையாளரும் மாலுமிகளும் வணிகரும் அங்கே கூடுவர். தூர நாட்டுக்குப் புறப்படும் கப்பலின் உரிமையாளர், கப்பலின் பெயரும் சரக்கின் மதிப்பும் எழுதிய தாள் ஒன்றை நீட்டுவார். வசதி படைத்தோர் சிலர், கப்பல் மூழ்கினால் நட்டத்தில் தாம் எவ்வளவு பங்கை ஏற்பர் எனக் குறித்து, அத்தாளின் அடியில் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்திடுவர். ஒருவனை அழித்துவிடக்கூடிய நட்டம் பலர் தோள்களில் பகிரப்பட்டதால் தாங்கக்கூடியதாயிற்று. இன்றைய காப்பீட்டுப் பத்திரங்கள் அனைத்தின் உட்கருத்தும் இதுவே.

அக்காலத்தில் காக்கப்பட்டவை கப்பலும் சரக்கும். இக்காலத்தில் கப்பலேறும் மனிதரும் தமக்கெனக் காப்பீடு தேடுகின்றனர். உல்லாசக் கப்பல் பயணம் ஒரு காலத்தில் மேலைநாட்டுச் செல்வர்க்கே உரியதாய் இருந்தது. இன்று நிலைமை வேறு. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ‘எம்ப்ரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், பெற்றோரை வரவழைத்து மூன்று நாள் கடலில் சுற்றிவர அனுப்புகிறான். அமெரிக்காவில் குடியேறிய மகள், பெற்றோரின் திருமணப் பொன்விழாவை அலாஸ்காக் கடலில் கொண்டாட விரும்புகிறாள். மகிழ வேண்டிய செய்திதான். ஆயினும் பயணச் சீட்டுக்கும் குளிராடைக்கும் பெட்டிக்கும் பல நாள் யோசிக்கின்ற நாம், பயணக் காப்பீட்டை மட்டும் கடைசி நாளில், சீட்டோடு ஒட்டி வருகின்ற ஒரு சில்லறைச் செலவாக எண்ணி, படித்துப் பாராமலே வாங்கிவிடுகிறோம். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை இத்திங்கள் சற்று விரிவாகக் காண்போம்.

கரை வேறு, கப்பல் வேறு

உல்லாசக் கப்பலில் மருத்துவ நிலையம் உண்டு. மருத்துவரும் செவிலியரும் உண்டு. காய்ச்சலுக்கும் வாந்திக்கும் சிறு காயங்களுக்கும் அது போதும். மாரடைப்பு வந்தவருக்கு முதலுதவி அளித்து உயிரைத் தாங்கிப் பிடிக்கவும் அவர்களால் இயலும். ஆயின் அது முழு மருத்துவமனை அன்று. இதயக் குழாயின் அடைப்பை நீக்கும் வசதியோ, பெரிய அறுவை செய்யும் வசதியோ அங்கே இருக்கும் என எதிர்பார்க்க இயலாது. நோய் கடுமையானால் நோயாளியைக் கரையில் இறக்கியே ஆகவேண்டும். எத்துறைமுகத்தில் இறக்குவது, ஹெலிகாப்டரை அழைப்பதா என்பனவற்றை மருத்துவரின் கருத்தைக் கேட்டுக் கப்பல் தலைவர் முடிவு செய்வார். குடும்பத்தாரின் விருப்பத்துக்கு அங்கே அதிக இடமில்லை.

மேலும், கப்பலில் செய்யப்படும் மருத்துவத்துக்கான கட்டணம் பயணச் சீட்டின் விலையில் அடங்கியதன்று. பார்வைக் கட்டணம், மருந்து, ஊசி, பரிசோதனை ஆகிய யாவும் பயணியின் கணக்கில் எழுதப்படும். இறங்குமுன் அதனைச் செலுத்திவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் பிறகே அத்தொகையைத் திருப்பித் தரும்.

அலாஸ்காப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். சியாட்டில் நகரத்திலிருந்து புறப்படும் கப்பல்கள் பொதுவாக ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் ஆகிய ஊர்களைத் தொட்டு, திரும்பும் வழியில் கனடா நாட்டின் விக்டோரியாவில் நின்று, ஏழு நாளில் மீளும். ஜூனோ அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம். ஆயினும் வெளியூரிலிருந்து அதற்குச் செல்லச் சாலை கிடையாது. விமானமும் கப்பலுமே வழி. கெட்சிகன் ஒரு தீவில் அமைந்துள்ளது. ஸ்காக்வே சிற்றூர், அங்கே சிறு மருத்துவ நிலையம் ஒன்றே உண்டு. பெரும் சிகிச்சை வேண்டுவோரை மருத்துவ விமானத்தில் ஏற்றி, சியாட்டில் போன்ற பெருநகரத்துக்குக் கொண்டு செல்ல நேரும். அத்தகைய விமானப் பயணம் ஒன்றுக்கே பல்லாயிரம் டாலர் ஆகும். மருத்துவமனைச் செலவு அதற்கு மேல். வாழ்நாள் முழுவதும் சேர்த்த சேமிப்பும், மகன் கடன் வாங்கிக் கட்டிய வீடும் சில நாள்களில் கரைந்து போகக்கூடிய இடம் இது. கடற்பயணக் காப்பீட்டின் முதற்பயன் இங்கேதான் உள்ளது.

நம்மிடம் உள்ளவை போதுமா?

“எங்களுக்கு ஏற்கெனவே மருத்துவக் காப்பீடு இருக்கிறதே!” என்று சிலர் கூறுவர். நம் நாட்டில் நாம் எடுக்கும் மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டுக்கெனத் தனியாகச் சேர்த்திருந்தாலொழிய, இந்திய எல்லைக்குள் பெறும் சிகிச்சைக்கே பொருந்தும். அன்றியும், மருத்துவமனை என்றால் என்ன என்பதற்கு அப்பத்திரங்களில் ஓர் இலக்கணம் உண்டு. பத்து இலட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊரில் பத்துப் படுக்கைகளும், பிற இடங்களில் பதினைந்து படுக்கைகளும் இருத்தல் வேண்டும் என்பது அவ்விலக்கணத்தின் ஒரு பகுதி. கப்பலின் சிறு மருத்துவ நிலையம் இதற்குள் அடங்குவது அரிது. ஆதலால், சென்னையிலேயே ஏறிச் சென்னையிலேயே இறங்கினாலும், கப்பல் பிற நாட்டுக்குச் செல்லுமானால் பழைய பத்திரத்தை மட்டும் நம்பிப் புறப்படலாகாது.

“கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காதா?” என்பது அடுத்த கேள்வி. 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் இத்தாலியின் ஜீலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ என்னும் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் மாண்டனர். இத்தகைய விபத்துகளில் கப்பல் நிறுவனத்துக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டு. ஆனால் பயணியின் உடலில் முன்பே இருந்த நோய் நடுக்கடலில் முற்றினால் அது நிறுவனத்தின் குற்றமாகாது, அச்செலவு நம்முடையதே.

பிள்ளைகளோடு அமெரிக்காவிலேயே நிலையாகத் தங்கிவிட்ட முதியோருள் சிலர், அந்நாட்டு அரசின் ‘மெடிகேர்’ என்னும் மருத்துவ உதவித் திட்டத்தில் சேர்ந்திருப்பர். அவர்களும் ஒன்றை அறிய வேண்டும். கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கும்போது பெறும் சிகிச்சைக்கு அத்திட்டம் பணம் தருவதில்லை.

எதை முதலில் பார்ப்பது?

காப்பீட்டு விளம்பரத்தைக் கையில் எடுத்தவுடன் நம் கண் செல்வது இரண்டு இடங்களுக்கு: பிரீமியம் எவ்வளவு, பெட்டி தொலைந்தால் எவ்வளவு தருவார்கள். இவ்விரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. பெட்டி தொலைந்தால் வருத்தம் உண்டு; அதனால் எக்குடும்பமும் அழிவதில்லை. எந்த நட்டத்தை நம் குடும்பத்தால் தாங்கவே இயலாதோ அதற்குத்தான் முதலில் காப்புத் தேட வேண்டும். காப்பிக் கடையில் கையெழுத்திட்ட வணிகரின் கணக்கும் அதுவே.

ஆகவே முதலாவது, மருத்துவச் செலவுக்கு உரிய தொகை. அமெரிக்காவும் கனடாவும் மருத்துவச் செலவு மிகுந்த நாடுகள். இந்தியாவில் விற்கப்படும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ‘அமெரிக்கா, கனடா நீங்கலாக’ என ஒரு வகையும், ‘அமெரிக்கா, கனடா உட்பட’ என ஒரு வகையும் இருக்கும். முன்னது விலை குறைவு. கப்பல் செல்லும் துறைமுகங்களின் பட்டியலை வைத்துக்கொண்டே வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐரோப்பாவின் மத்தியதரைக் கடலில் பயணம் செய்வோர் ‘ஷெங்கன்’ விசா பெறுவதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு காட்ட வேண்டும். இத்தொகை விசாவுக்கான கீழெல்லை. அதுவே நமக்குப் போதும் என்று எண்ணி நின்றுவிடலாகாது. அக்காப்பீடு ஷெங்கன் நாடுகளுக்கு மட்டுமே உரியதாயின், கப்பல் துருக்கியிலோ எகிப்திலோ நிற்கும் நாளில் அது துணைக்கு வராது.

இரண்டாவது, மருத்துவ மீட்பு. அதாவது, நோயாளியைக் கப்பலிலிருந்தோ சிற்றூரிலிருந்தோ தக்க மருத்துவமனைக்கும், வேண்டுமாயின் தாயகத்துக்கும் கொண்டுசெல்லும் செலவு. சில பத்திரங்களில் இது மருத்துவத் தொகைக்குள்ளேயே அடங்கும். சிலவற்றில் தனியாக இருக்கும். கடற்பயணத்துக்குத் தனியாக இருப்பதே நலம். கப்பலில் இருக்கும்போது நேரும் நோயும் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். எவரேனும் வெளிநாட்டில் இறக்க நேர்ந்தால் உடலைத் தாயகம் கொண்டுவரும் செலவும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. பேச மனம் வராத செய்திதான். எனினும் பேசாமல் விட்டதனால் பிற்பாடு நன்கொடை திரட்டி உடலைக் கொண்டுவர நேரும் துன்பம் அதனினும் பெரிது.

மூன்றாவது, வயதுக்கேற்ற உள்வரம்புகள். முதல் பக்கத்தில் 1,00,000 டாலர் எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். உள்ளே சென்றால், அறுபது வயதைக் கடந்தவர்க்கு அறை வாடகை நாளொன்றுக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைக்கு இவ்வளவு எனத் தனித்தனி வரம்புகள் இருக்கலாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அங்கேயே பெற்றோருக்கு வாங்கும் காப்பீடுகளிலும் இரு வகை உண்டு. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் அட்டவணைப்படி குறித்த தொகை மட்டும் தருவது. மற்றொன்று, தொடக்கத்தில் ஒரு தொகையை நாம் ஏற்றபின், எஞ்சிய செலவின் பெரும்பகுதியை மொத்த வரம்புவரை ஏற்பது. முன்னது மலிவானது, அதன் அட்டவணைக்கும் மருத்துவமனையின் பட்டியலுக்கும் இடையே பெரும்பள்ளம் விழக்கூடும். பெற்றோரின் உயிருக்கு வாங்கும்போது மலிவை மட்டும் பார்த்தல் தகாது.

கப்பல் நிறுவனமே சீட்டோடு விற்கும் பாதுகாப்புத் திட்டத்தையும் இவ்வாறே எடைபோடுங்கள். அதில் மருத்துவத் தொகையும் மீட்புத் தொகையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நாம் தனியே வாங்கிய விமானச் சீட்டு அதில் அடங்காமல் போகலாம். அந்நாட்டில் குடியிருப்போர்க்கே விற்கப்படும் திட்டங்களும் உண்டு.

படிவத்தில் எழுதும் உண்மை

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான செய்திக்கு வருகிறேன். பிரீமியம் எவ்வளவு கட்டினாலும், எவ்வளவு உயர்ந்த பத்திரத்தைத் தேர்ந்தாலும், விண்ணப்பப் படிவத்தில் ஒரு பொய் எழுதப்பட்டால் அத்தனையும் வீணாகலாம்.

“உங்களுக்கு நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய் உண்டா?” என்று படிவம் கேட்கிறது. “இல்லை எனப் போடு; இருக்கிறது என்றால் பணம் கூடக் கேட்பான்” என்று யாரோ அறிவுரை கூறுகிறார். பெரும்பாலும் அப்படிவத்தை நிரப்புவது பெற்றோர் அல்லர், பிள்ளைகள். தந்தைக்கு நீரிழிவு என்பது மகனுக்குத் தெரியும்; சென்ற ஆண்டு நெஞ்சு வலிக்கு மாத்திரை தொடங்கியது அவனுக்குத் தெரியாது. பிள்ளையைக் கவலைப்படுத்தலாகாது எனத் தந்தை மறைத்திருப்பார். பயணம் தடைப்படுமோ என்றஞ்சித் தாய் வாய் திறந்திருக்கமாட்டார். அன்பினால் மறைத்தாலும், சிக்கனத்தினால் மறைத்தாலும், படிவத்தில் அது பொய்யாகவே நிற்கும்.

காப்பீட்டுச் சட்டத்தில் ‘முழுமையான நன்னம்பிக்கை’ என்று ஒரு கோட்பாடு உண்டு. 1766ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு ஒரு வழக்கில் இதனை விளக்கினார். காப்பீடு கேட்பவனுக்கே தன் நிலைமை முழுவதும் தெரியும். கொடுப்பவன் அவன் சொல்லை நம்பியே ஆபத்தை அளக்கிறான். ஆகவே அறிந்த செய்தியை மறைத்தல் ஒப்பந்தத்தையே கெடுத்துவிடும் என்பது அதன் கருத்து. நம் நாட்டு நீதிமன்றங்களும் இக்கோட்பாட்டை ஏற்றுள்ளன.

இதற்கு நம் உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துக் காண்பது நலம். ஒன்று 2009ஆம் ஆண்டில் வந்தது. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உடைய ஒருவர், தாம் நல்ல உடல்நிலையில் இருப்பதாகப் படிவத்தில் எழுதி மருத்துவக் காப்பீடு பெற்றார். அதே ஆண்டில் அவர் இறந்தார். சிகிச்சைச் செலவை அவர் மனைவி கேட்டார். முக்கியமான உண்மை மறைக்கப்பட்டதால், நிறுவனம் மறுத்தது சரியே என நீதிமன்றம் தீர்த்தது. மனைவிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மற்றொன்று 2021ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டைப் பற்றியது. ஒருவர் 2009ஆம் ஆண்டில் உறவினர் திருமணத்துக்காக அமெரிக்கா சென்றார். தமக்கு நீரிழிவு இருப்பதைப் படிவத்தில் எழுதியிருந்தார். மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே அவருக்கு மாரடைப்பு வந்து, மருத்துவமனையில் இதயக் குழாய்ச் சிகிச்சை செய்யப்பட்டது. அவர் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை உண்டதை மறைத்தார் எனக் கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. நீரிழிவு உள்ளதை அவர் வெளிப்படையாகக் கூறியிருக்க, அதனை அறிந்தும் பத்திரம் வழங்கிய நிறுவனம், பின்னர் அதையே காரணங்காட்டி மறுத்தல் முறையன்று என்று நீதிமன்றம் தீர்த்து, வட்டியுடன் பணம் தருமாறு ஆணையிட்டது.

இரண்டாம் மனிதரும் 12 ஆண்டுக்கு மேல் காத்திருந்தார் என்பதையும் மறைக்கமாட்டேன். ஆயினும் இறுதியில் அவருக்குக் கைகொடுத்தது, படிவத்தில் அவர் எழுதிய உண்மையே. முதல் மனிதரின் குடும்பத்துக்கு நீதிமன்றத்தில் பற்றிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

உண்மையை எழுதிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்றும் எண்ண வேண்டா. முன்பே உள்ள நோய்க்கான செலவைப் பல பத்திரங்கள் ஏற்பதில்லை. அல்லது உயிருக்கு ஆபத்தான வேளையில் உயிரைக் காக்கும் அளவுக்கு மட்டும் ஏற்கும். ஆகவே நோயைக் குறிப்பிட்ட பின், “இந்நோயினால் கப்பலில் ஏதேனும் நேர்ந்தால் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்கு அதனையும் ஏற்கும். எந்த நிறுவனமும் ஏற்கவில்லையாயின், அதுவும் நமக்கு ஓர் அறிவிப்பே. ஏழு நாள் பயணத்தை மூன்று நாளாகக் குறைக்கலாம். பெரிய மருத்துவமனைகள் உள்ள துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். மருத்துவர் வேண்டாம் என்றால் கரையிலேயே விழாவைக் கொண்டாடலாம்.

புறப்பட இயலாமற் போனால்

அடுத்தது, பயணத்தைக் கைவிட நேரும் நட்டம். கப்பல் நிறுவனங்கள் பலவும் பயண நாள் நெருங்க நெருங்கப் பிடித்தத்தை உயர்த்திக்கொண்டே போகும்; கடைசி வாரங்களில் முழுத் தொகையும் போய்விடும். பத்திரத்தில் குறித்துள்ள காரணங்களுக்காகப் பயணம் தடைப்பட்டால் மட்டுமே காப்பீடு இதனை ஈடுசெய்யும். பயணியின் நோய், நெருங்கிய உறவினரின் மரணம் போன்றவை அக்காரணங்களுள் பொதுவாக அடங்கும். ‘மனம் மாறிவிட்டது’ என்பது அடங்காது. எக்காரணத்துக்காகவும் கைவிடலாம் என்னும் வகையும் அமெரிக்காவில் விற்கப்படுகிறது. அது விலை கூடியது; செலவில் பாதி முதல் முக்கால் பங்குவரையே திருப்பித் தரும்; முதல் முன்பணம் கட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் வாங்கினால்தான் செல்லும். காப்பீட்டைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமானம் தாமதமானால் கப்பல் காத்திராது. தாமதத்துக்குக் காப்பீடு எத்தனை மணி நேரத்துக்குப் பின் பொறுப்பேற்கும் என்பதைப் பாருங்கள். அதனினும் சிறந்த காப்பு, கப்பல் புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே சென்று சேர்தல். அதற்குப் பிரீமியம் ஓர் இரவின் விடுதி வாடகைதான்.

பயணம் குறித்த நாளில் முடியாமலும் போகலாம். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் கொரோனாத் தொற்றினால் நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் இருந்த 3,700க்கும் மேற்பட்டோருள் 700க்கும் அதிகமானோரை நோய் பற்றியது. அக்கப்பலில் நம் நாட்டவரும் இருந்தனர். அவர்களுள் மிகப் பலர் அங்கு வேலை பார்த்தவர்கள். வீடு திரும்பும் நாளை எண்ணிப் பெட்டி கட்டியவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஆதலால், தொற்றுநோயும் தனிமைப்படுத்தலும் அடங்குமா, நம் குற்றமின்றிப் பயணம் நீண்டால் காப்பீட்டுக் காலமும் நீளுமா எனக் கேளுங்கள். முடியும் நாளுக்குப் பின் சில நாள்களைச் சேர்த்தே வாங்குதல் அறிவுடைமை.

காப்பீடு கைவிடும் இடங்கள்

பத்திரத்தில் எவையெவை அடங்கா என்று கூறும் பகுதி சிறிய எழுத்தில் இருக்கும். பிரீமியம் கட்டுமுன் அதனை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேளுங்கள். மது மயக்கத்தில் நேர்ந்த விபத்து பொதுவாக அடங்காது. ஆழ்கடலில் மூழ்குதல் போன்ற வீர விளையாட்டுகள், தனியாகச் சேர்த்தாலொழிய, பலவற்றில் அடங்கா.

தக்க ஆவணம் இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டால், அந்நட்டத்தையும் காப்பீடு ஏற்பதில்லை. மேலே கூறிய அலாஸ்காப் பயணத்தில் இது கவனிக்கத்தக்கது. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அமெரிக்கத் துறைமுகத்திலேயே இறங்கும் பயணத்தில், பிற நாட்டுக் கொடி தாங்கிய கப்பல் இடையில் வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றையும் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் விளைவு. சியாட்டில் கப்பல்கள் விக்டோரியாவில் நிற்பது அதனால்தான். எனவே இந்தியக் கடவுச்சீட்டு உடையோர்க்குக் கனடா விசாவும், மீண்டும் நுழைய இடந்தரும் அமெரிக்க விசாவும் வேண்டும். சில மணி நேரந்தானே எனக் கனடா விசாவை மறந்தோர் கப்பலில் ஏற்றப்படமாட்டார்கள்.

இளம் குடும்பத்தாருக்கும் ஒரு செய்தி. கருவுற்று 24ஆம் வாரத்தில் அடியெடுத்து வைத்த தாய்மாரை உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் ஏற்பதில்லை. பயண நாளில் எத்தனையாவது வாரம் என்பதைக் கணக்கிட்டபின் சீட்டு வாங்குங்கள்.

பயணத்தின்போது

பத்திரத்தின் நகல் ஒன்று கையிலும், ஒன்று வீட்டில் இருப்பவரிடமும் இருக்கட்டும். நிறுவனத்தின் அவசர உதவித் தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் எழுதி, கடவுச்சீட்டோடு வையுங்கள். நோயாளியை விமானத்தில் கொண்டுசெல்ல நேர்ந்தால், இயன்றவரை முதலில் அந்த எண்ணுக்குச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அவர்கள் ஒப்புதலின்றி நாமே ஏற்பாடு செய்த மீட்புக்குப் பணம் மறுக்கப்படலாம். நாள்தோறும் உண்ணும் மருந்துகளைப் பயண நாள்களுக்கு மேலும் ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். அவை கைப்பையிலேயே இருக்கட்டும். மருத்துவர் எழுதிய மருந்துச் சீட்டையும் உடன் வையுங்கள். கப்பல் மருத்துவர் தரும் குறிப்பு, பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கப்பலை விட்டு இறங்கியபின் அவற்றைத் தேடிப் பெறுவது எளிதன்று.

நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் சோர்ந்துவிட வேண்டா. இந்திய நிறுவனமாயின், முதலில் அதற்கே எழுத்தில் முறையீடு செய்யுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் தக்க விடை வராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அவர் அலுவலகம் சென்னையிலும் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டா. 50 இலட்சம் ரூபாய் வரையிலான இழப்பீடுகளை அவர் விசாரிக்கலாம்.

நிறைவாக ஒன்று கூறுவேன். இச்செய்திகளைப் படித்து அஞ்சிப் பயணத்தையே கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. ஐம்பது ஆண்டு உழைத்த பெற்றோர் ஒரு வாரம் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கட்டும். அதற்கு அவர்கள் முற்றும் தகுதியுடையோர். ஆனால் அதற்கு முன் ஒரு மாலையில் குடும்பத்தார் சேர்ந்து உட்காருங்கள். தொலைவில் உள்ள பிள்ளைகள் தொலைபேசியிலாவது சேர்ந்துகொள்ளட்டும். அப்பாவின் மருந்துப் பெட்டியையும் அம்மாவின் மருந்துப் பெட்டியையும் மேசைமேல் வைத்து, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் அது எதற்கென்பதையும் படிவத்தில் எழுதுங்கள். பெற்றோர் இதுவரை சொல்லாத சில வலிகள் அன்று வெளிவரக்கூடும். அது படிவத்துக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டிய செய்தியே. எழுதி முடித்ததும் அவர்கள் இருவரும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பிறகு கையெழுத்திடட்டும்.